உப்பு எளிது, நீர்தான் கடினம்: வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கத் தொடங்குபவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் குடியிருப்பவர், வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கப்போவதாகச் சொன்னால், கேட்பவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள். தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில்தானே இருக்கிறது, நாலு கேனை எடுத்துப் போய்க் கடல்நீரைக் கோரிக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது என்பார்கள். அதைவிடச் சிக்கனமாக யோசிப்பவர்கள், கிணற்று நீரில் இரண்டு படி கல்லுப்பைப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். தொட்டி வைத்த முதல் ஆண்டில் இந்த இரண்டு யோசனைகளும் எனக்கும் நியாயமாகவே பட்டன. இரண்டும் ஏன் தடுமாறுகின்றன என்று புரிந்துகொண்டால், கடல்மீன் தொட்டிக்கு நீர் சேர்ப்பது பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. 'உப்பு' என்று ஒருமையில் சொல்லாமல் 'உப்புகள்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த 35 கிராமில், நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவுதான். மீதமுள்ளவை மக்னீசியம், சல்ஃபேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் முதலியவை. அவற்றுக்குப் பின்னால் மிக நுண்ணிய அளவில் இன்னும் பல தனிமங்கள் இருக்கின்றன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்தாய்ந்து 1884இல் முடிவுகளை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு கூடினாலும் குறைந்தாலும், இந்தப் பெரிய உப்புகளுக்கு இடையேயுள்ள விகிதம் கிட்டத்தட்ட மாறுவதில்லை என்பதை அந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. பவளமும் சிப்பியும் கடல்மீனும் பழகியிருப்பது இந்த விகிதத்துக்குத்தான். நாவில் கரிக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு நீர் கடல்நீராகிவிடாது.

கல்லுப்பைக் கரைப்பது ஏன் உதவாது என்பதைச் சாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்களில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பாத்தியில் நீர் வற்ற வற்ற, அதிலுள்ள உப்புகள் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. அதன் பிறகுதான் நாம் வாரி எடுக்கும் உப்பு விளைகிறது. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில்தான் மக்னீசியமும் பொட்டாசியமும் செறிந்திருக்கும். அதை உப்போடு சேர விடாமல் வடித்துவிடுவார்கள். ஆகவே நல்ல உப்பு என்றால் கடலின் மற்றச் சரக்கெல்லாம் பிரித்தெடுக்கப்பட்ட உப்பு என்று பொருள். சோற்றுக்கு அது சிறப்பு. அதைத் திரும்ப நீரில் கரைத்தாலும் கால்சியமும் மக்னீசியமும் திரும்பி வரப்போவதில்லை. கடையில் விற்கும் அயோடின் கலந்த தூள் உப்பில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் வேறு இருக்கிறது.

கடலிலிருந்தே நீர் எடுத்தால்?

விகிதத்தைப் பற்றி மட்டும் கவலை என்றால், கடல்நீரை விட நல்ல கடல்நீர் வேறு எதுவும் இல்லை. ஆனால் கரையில் நின்று நாம் கோரும் நீர் பெரும்பாலும் கடலின் நீராக இருப்பதில்லை. குழித்துறை வழியாக வரும் குமரி மாவட்டத்துத் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகில்தான் கடலில் கலக்கிறது. நன்னீர் உப்பு நீரை விட எடை குறைந்தது என்பதால், ஆற்றுநீர் கடலின் மேல் ஒரு போர்வையைப் போலப் பரவி நிற்கும். கரையில் நின்று வாளியை வீசுபவருக்குக் கிடைப்பது அந்தப் போர்வைதான். ஓர் ஐப்பசி மாதக் காலையில், இரண்டு நாள் பெய்த மழை விட்ட பிறகு, கேன்களோடு போய் நின்ற என்னைப் பார்த்து, வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "சாரே, பொழி தொறந்து கெடக்கு. இன்னைக்குக் கோரினா ஆத்துத் தண்ணிதான் வரும்" என்றார். நம்பாமல் கோரினேன். வீட்டுக்கு வந்து அளந்தபோது உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 24 பங்குதான் இருந்தது. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் பக்கத்தில் எடுக்கக் கூடாது என்பதை எந்தக் கருவியும் இல்லாமலே அவர் சொல்லிவிட்டார்.

பொழியை விட்டு விலகினாலும் துறைமுகம் வந்துவிடுகிறது. மீன்பிடித் துறைமுகங்களின் நீரில் டீசல் படலம் மிதக்கும். அதைவிடக் கெட்டது கண்ணுக்குத் தெரியாத செம்பு. படகின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்கப் பூசும் பூச்சுகள் பலவற்றில் செம்புச் சேர்மங்கள்தான் வேலை செய்கின்றன. தென்னந்தொண்டு, அதாவது தேங்காய் மட்டை, ஊறப்போடும் காயல்களின் வாய்ப்பக்கமும் ஆகாது. அழுகிய தொண்டிலிருந்து வரும் நீரில் உயிர்வளி குறைந்திருக்கும், அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஆறுகளை நிரப்புகிறது; கடலும் கலங்கிக் கொந்தளிக்கிறது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் இழுவலைக்குப் போகவும் கூடாது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் கன்னியாகுமரி மாவட்டத்தை விடுவதில்லை. எஞ்சுவது தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை. கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும் அந்த மாதங்களில், வள்ளத்தில் போகும் ஒருவரிடம் சொல்லிக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி எடுத்துவரச் சொன்னால், நல்ல நீர் கிடைக்கும். நீர் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ நிறம் மாறித் தெரியும் நாள்களிலும், இரவில் அலை நீலமாக ஒளிரும் நாள்களிலும் எடுக்க வேண்டாம். கொச்சிக்கு அருகிலுள்ள கும்பளங்கியில் 'கவரு' என்று சொல்லிக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் போகும் அந்த ஒளி நுண்ணுயிர்களின் பெருக்கத்தால் வருவது. கண்ணுக்கு அழகு, தொட்டிக்குச் சுமை.

கொண்டுவந்த நீரை அப்படியே ஊற்றவும் முடியாது. அதில் கோடிக்கணக்கான மிதவை உயிரிகள் இருக்கும். மூடிய கேனுக்குள் அவை செத்து அழுகினால் அம்மோனியா உயரும். மெல்லிய துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத இடத்தில், ஏர் பம்ப் ஓடவிட்டு, இரண்டு மூன்று வாரம் வைத்திருந்த பிறகு அம்மோனியாவைச் சோதித்துப் பார்த்துப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. இதோடு எடையையும் எண்ணிப் பாருங்கள். 35 லிட்டர் கேன் ஒன்று 36 கிலோவுக்கு மேல் இருக்கும். 150 லிட்டர் தொட்டிக்கு நான்கைந்து கேன் வேண்டும். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீர் மாற்ற மீண்டும் ஒன்று வேண்டும். பேருந்தில் ஏற்ற நடத்துநர் சம்மதிக்க மாட்டார்.

கடற்கரைக்குப் போகிறவர்கள் மணலையும் கல்லையும் சேர்த்து அள்ளி வருவதுண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இருப்பது இல்மனைட்டும் மோனசைட்டும். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அது தொட்டிக்கான மணல் அன்று. பவளத் துண்டுகளைக் கையிலேயே எடுக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம்.

என் தீர்ப்பு இதுதான்: வள்ளக்காரர் ஒருவரோடு நல்ல பழக்கமும், நீரைச் சேமித்து வைக்க இடமும், பொறுமையும் உள்ளவர்கள் பின்னாளில் கடல்நீருக்கு மாறிக்கொள்ளலாம். தொடங்குபவர் நன்னீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்துத் தாமே கடல்நீர் தயாரிப்பதுதான் நல்லது. மீன் தொட்டிக் கடைகளில் இதற்கென்றே விற்கும் கலவையில் எல்லாப் பெரிய உப்புகளும் கடலின் விகிதத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். அதனால் உப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது அதைக் கரைக்கப்போகும் நீரைப் பற்றித்தான்.

குடிக்கத் தகுந்தது, தொட்டிக்குத் தகுந்ததா?

முதல் தொட்டியில் நான் செய்த தவறு இங்கேதான். குடிப்பதற்கு வாங்கிய நீர் சுத்திகரிப்பான் சமையலறையில் இருந்தது, ஆர்.ஓ. என்றுதான் அதன் முகப்பில் எழுதியிருந்தது. அந்த நீரில் நல்ல உப்புக் கலவையைக் கரைத்து, எல்லாம் சரியாக அளந்து, சில வாரம் பொறுத்து, இரண்டு கோமாளி மீன்களையும் இரண்டு துப்புரவு இறால்களையும் விட்டேன். மறுநாள் காலையில் இறால் ஒன்று மணலில் பக்கவாட்டில் கிடந்து, கால்களை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது; மற்றொன்று கல்லிடுக்கில் வெளுத்துப் போயிருந்தது. மீன்கள் இரண்டும் ஒன்றும் நடவாதது போல இரை கேட்டு மேலே வந்தன. இயந்திரத்தின் கையேட்டை அன்றுதான் முழுவதும் படித்தேன். உடலுக்கு நல்லது என்று சொல்லி, சுத்திகரித்த நீரில் செம்பைச் சேர்க்கும் குப்பி ஒன்று அதில் கடைசியாகப் பொருத்தப்பட்டிருந்தது.

இறால், நண்டு முதலியவற்றின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்வதே செம்பு கொண்ட புரதம்தான். ஆனாலும் நீரில் செம்பு சற்று மிகுந்தால் முதலில் சாவது அவைதான்; நத்தைகளும் பவளங்களும் அப்படியே. கடல்மீன்களின் மேல் வரும் வெண்புள்ளி நோய்க்குத் தனித் தொட்டியில் செம்பு மருந்து கொடுக்கும்போது, லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் வரை வைப்பார்கள். மீன் தாங்கும், முதுகெலும்பற்றவை தாங்கா. இந்தியக் குடிநீர்த் தர விதியான ஐ.எஸ். 10500 செம்புக்கு வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், வேறு நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அது அனுமதிக்கிறது. நமக்கு எந்தத் தீங்கும் செய்யாத, சட்டப்படி நல்ல குடிநீரில் ஓர் இறால் ஓர் இரவுகூடத் தாங்காமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. போதாததற்கு, செம்பு கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அந்தத் தொட்டியின் கல்லை நான் மறுபடி பயன்படுத்தவில்லை.

அதே காரணத்தால், செம்புக் குடத்திலோ பித்தளைக் குடத்திலோ பிடித்து வைத்த நீரும், ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் ஆகாது. ஏ.சி. நீர் ஆவி குளிர்ந்த தூய நீர்தானே என்று தோன்றும். அது குளிர்வது செம்புக் குழாயை ஒட்டித்தான். மழைநீரும் வானத்திலிருந்து தூய்மையாகவே வருகிறது, கூரையில்தான் கெடுகிறது. தகரக் கூரையில் துத்தநாகம் சேரும். கூரையைச் சுற்றிப் பாக்கோ மிளகோ ரப்பரோ இருந்தால், மழைக்காலத்தை ஒட்டி அவற்றுக்கு அடிக்கும் துருசும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையும் மற்றச் செம்பு மருந்துகளும் காற்றில் வந்து படிந்திருக்கும்.

கிணற்று நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இப்பகுதியில் கிணறு இல்லாத வீடு குறைவு, நம் கிணற்று நீரைப் பற்றி நமக்குள்ள பெருமையும் குறைவன்று. என் வீட்டுக் கிணற்றில் டி.டி.எஸ். மீட்டர் 80 காட்டுகிறது. கொல்லங்கோட்டில் கடலை ஒட்டியுள்ள உறவினர் வீட்டுக் கிணற்றில் 600ஐத் தாண்டுகிறது. இந்த எண் நீரில் கரைந்திருப்பவை எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும். எவை என்று சொல்லாது. செம்மண் கற்பாறையில் ஊறும் நீரில் இரும்பும் சிலிக்காவும் இருக்கலாம். வாழைத்தோட்டத்தின் நடுவிலுள்ள கிணற்றில் உரத்தின் நைட்ரேட் இருக்கலாம். சிலிக்கா மிகுந்தால் புதிய மணலின் மேல் பழுப்புநிறப் படலம் படரும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் கல் முழுவதும் பச்சைப் பாசி முடிபோல வளரும். குடிநீருக்கு நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பவளம் வளர்ப்பவர்கள் தொட்டியில் பத்தைத் தாண்டினாலே நீர் மாற்றத் தொடங்கிவிடுவார்கள். ஊராட்சிக் குழாய் நீரில் இவற்றோடு குளோரினும் உண்டு.

சிறிய அளவுதானே என்று விட்டுவிடக் கூடாததற்குக் காரணம் ஆவியாதல். 150 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகப் போவதாக வைத்துக்கொள்வோம். விசிறி ஓடும் வீட்டில் இது பெரிய அளவன்று. ஆவியாவது நீர் மட்டும். உப்பும் மற்றவையும் தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் தினந்தோறும் நன்னீரைத்தான் ஊற்றி ஈடுசெய்ய வேண்டும், உப்பு நீரை அன்று. ஆண்டுக்கு இது 730 லிட்டர். அந்த நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், ஆண்டு முடிவில் 14.6 கிராம் தொட்டிக்குள் சேர்ந்திருக்கும். நீர் மாற்றாமலும், அதை உண்ணும் உயிர்கள் இல்லாமலும் விட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 97 மில்லிகிராம் உயர்ந்துவிடும்.

ஆர்.ஓ.வுக்குப் பின் ரெசின்

ஆகவே தொட்டிக்கு வேண்டியது வெறுமையான நீர். அதைத் தருவது ஆர்.ஓ.வோடு டி.ஐ. என்று சொல்லப்படும் அயனி நீக்கும் ரெசினையும் சேர்த்த அமைப்பு. முதலில் மண்ணையும் துருவையும் பிடிக்கும் வடிகட்டி; அடுத்துக் குளோரினை ஈர்க்கும் கரி, ஏனெனில் குளோரின் ஆர்.ஓ. சவ்வைத் தின்றுவிடும், அடுத்துச் சவ்வு. கரைந்திருப்பவற்றில் 95 விழுக்காட்டுக்கு மேல் சவ்வு தடுத்துவிடும். மிஞ்சியதை மணி மணியான ரெசின் பிடித்துக்கொள்ளும். கடைசியில் மீட்டர் 0 காட்ட வேண்டும்; 2, 3 என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

குடிநீர்ச் சுத்திகரிப்பானில் ரெசின் இருக்காது. பலவற்றில் சுவைக்காகப் பச்சை நீரைச் சிறிது திரும்பக் கலக்கும் திருகும், தாது சேர்க்கும் குப்பியும் இருக்கும். சேர்ப்பவை அனைத்தையும் கழற்றிவிட்டு, சவ்விலிருந்து வரும் நீரை நேரே ஒரு ரெசின் குழாய் வழியாக விட்டால், அதே இயந்திரத்தைத் தொட்டிக்கும் பயன்படுத்தலாம் என்பதுண்மை. எதைக் கழற்றுகிறோம் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். 20 லிட்டர் கேனில் விற்கும் நீரை வாங்குபவர்கள் ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். இந்த வாரக் கேனும் போன வாரக் கேனும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் அழுத்தம். சவ்வு ஒழுங்காக வேலை செய்ய மூன்று நான்கு பார் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்து நீர் தருவது ஏறக்குறைய ஒரு பார்தான். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி அந்த உயரத்தில்கூட இருப்பதில்லை. பூஸ்டர் பம்ப் இல்லாமல் பொருத்தினால், நல்ல நீர் சொட்டுச் சொட்டாக வரும், கழிவு நீர் ஓடையாகப் போகும். பம்ப் இருந்தாலும் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு போவது வழக்கம். உப்புக் குறைந்த கிணற்று நீராக இருந்தால் அதைத் தென்னைக்கு விடலாம்.

கலக்கும் முறை

நீரை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, நீரைச் சுழலவிடும் சிறு பம்பான பவர்ஹெட் ஒன்றைப் போட்டு ஓடவிடுங்கள். 100 லிட்டருக்குச் சுமார் மூன்றரை முதல் நான்கு கிலோ வரை கலவை தேவைப்படும். சரியான அளவு பொதியில் இருக்கும். ஓடும் நீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உப்பை முதலில் கொட்டி அதன் மேல் நீர் ஊற்றக் கூடாது. அப்படி ஊற்றினால் தொடக்கத்தில் கரைசல் மிகவும் செறிந்து, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெண்மையாகப் படிந்துவிடும். அந்த வெண்மை பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது, அந்த அளவு கால்சியம் போனதுதான். ஒரு நாள் முழுவதும் கலங்கவிட்டு மறுநாள் அளக்கலாம். மீதி உப்பைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். ஆடி மாத ஈரக்காற்றில் திறந்து கிடந்த பொதி, கருப்பட்டியைப் போல இறுகி அடியில் கசிந்து நிற்கும். முதலில் ஈரத்தை இழுத்துக் கசிவது அதிலுள்ள மக்னீசிய, கால்சிய உப்புகள்தான் என்பதால், அந்தப் பொதியின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் விகிதம் ஒன்றாக இருக்காது.

அளப்பதற்கு, ஊசி ஆடும் பிளாஸ்டிக் மானியைவிட, நீரில் ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. ஊசியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே எண் மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் இரண்டு சொட்டு நீரை விட்டு, குமிழி இல்லாமல் மூடியைச் சாய்த்து, அரை நிமிடம் பொறுத்து, சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், மேலே நீலமும் கீழே வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல் நிற்க வேண்டும். ஒப்படர்த்தியில் சொன்னால் 25 டிகிரியில் 1.026. கருவியைத் தூய நீரில் பூஜ்யத்துக்குத் திருத்துவதோடு நிற்காமல், 35 என்று அளந்து விற்கும் சோதனைக் கரைசலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35இல் இரண்டு புள்ளி விலகி நிற்பதுண்டு. கோடு மேலே போயிருந்தால் நன்னீரும், கீழே இறங்கியிருந்தால் உப்பும் சேர்த்து, மறுபடி கலக்கிவிட்டு, அடுத்த நாள் பாருங்கள்.

கோடு 35இல் நின்றதும் நீரைத் தொட்டிக்கு மாற்றலாம், மீனை மட்டும் இன்னும் வாங்க வேண்டாம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீர் நிறைந்த நாளிலேயே கண்ணாடியின் வெளிப்புறம் நீர்மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். மறுநாள் மாலை மட்டம் அந்தக் கோட்டுக்குக் கீழே விரற்கடை இறங்கியிருக்கும்; மீன் வரும் வரை தொட்டியில் செய்ய இருக்கும் வேலை, ரெசினைத் தாண்டி வந்த நன்னீரால் அந்த விரற்கடையை நிரப்புவதுதான்.